நண்பருக்கு அரிக்காத நாற்காலி

மாமனார்: இதைப் பாருங்க மாப்பிள்ளை, தோட்டத்துல போட்டா கம்பீரமா...

மாப்பிள்ளை: அய்யய்யோ, வேண்டாம் மாமா. அது ஸ்டீல். என் நண்பருக்கு ஆகாது. பட்டாலே தோல் தடிச்சுப் போயிடும்.

மாமனார்: ஓ... ஆமா, மறந்துட்டேன். பாவம் உங்க நண்பர்.

கடைக்காரம்மா: எது ஆகாது தம்பி? இரும்பா, பித்தளையா?

மாப்பிள்ளை: நிக்கல்மா. ஸ்டீல்ல கலந்திருக்குமாம். டாக்டர் சொன்னாரு... நண்பர்கிட்ட.

கடைக்காரம்மா: அப்ப அலுமினியம் எடுத்துக்கட்டும். பெயின்ட் அடிச்சது. ஒரு கையால தூக்கலாம்.

மாமனார்: பெயின்ட் உரிஞ்சா? அது கிடக்கட்டும், ஸ்க்ரூ எதுல போட்டிருக்கீங்க?

கடைக்காரம்மா: ஸ்க்ரூ... ஸ்டீல்தான் ஐயா.

மாமனார்: அதானே பார்த்தேன்! வெயில்ல உட்கார்ந்து வேர்த்துச்சுன்னா தொலைஞ்சது. வேர்வை பட்டாத்தான் அது இன்னும் பிடுங்கும்.

மாப்பிள்ளை: மாமா, உங்களுக்கு எப்படி இதெல்லாம்...

மாமனார்: பேப்பர்ல போட்டிருந்தான்.

கடைக்காரம்மா: அப்ப பிளாஸ்டிக்?

மாமனார்: ரெண்டு கோடையில வெளுத்து வெடிச்சுடும். வேற காட்டுங்கம்மா.

கடைக்காரம்மா: அப்ப மரம்தான். இந்தாங்க, நல்ல தேக்கு. மழையோ வெயிலோ, அசையாது.

மாப்பிள்ளை: ஒரு நிமிஷம்... டெஸ்ட் பண்ணிடறேன். பஞ்சுல இந்த மருந்து ரெண்டு சொட்டு விட்டு ஸ்க்ரூ தலையில தேய்ச்சா, நிக்கல் இருந்தா பஞ்சு ரோஸ் ஆயிடும்.

கடைக்காரம்மா: அட, ரோஸ் ஆயிடுச்சே!

மாமனார்: கைப்பிடிக்கு அடியிலயும் தேய்ங்க மாப்பிள்ளை. அங்கதான் கை படும்.

கடைக்காரம்மா: ஏன் தம்பி, நண்பருக்கு நாற்காலி வாங்கறதுக்கு மருந்துப் புட்டியும் கையுமா அலையறீங்களே. அவ்வளவு நெருக்கமா?

மாப்பிள்ளை: ரொம்ப நெருக்கம்மா.

மாமனார்: அப்படி யாரு? உங்க கல்யாணத்துக்கு வந்திருந்தாரா?

மாப்பிள்ளை: வந்தாரு மாமா... மேடையிலயே இருந்தாரு.

மாமனார்: நான் பார்த்ததா ஞாபகமே இல்லையே!

கடைக்காரம்மா: தம்பி, சட்டைக் கையை மடிச்சீங்களே... அது என்ன, செக்கச்செவேல்னு?

மாப்பிள்ளை: கொசு.

கடைக்காரம்மா: ரெண்டு கையிலயும் அளவு எடுத்தாப்புல கடிக்குமா கொசு? நாற்காலிக் கைப்பிடி அகலத்துக்கு?

மாமனார்: மாப்பிள்ளை... கையைக் காட்டுங்க.

மாப்பிள்ளை: மாமா, தப்பா எடுத்துக்காதீங்க...

மாமனார்: உங்க புது வீட்டுக்கு நான் குடுத்த ரெண்டு ஸ்டீல் நாற்காலியா?

மாப்பிள்ளை: ம்.

மாமனார்: எத்தனை நாளா?

மாப்பிள்ளை: ரெண்டு வருஷம்... நாலு மாசம்.

மாமனார்: அடப்பாவமே! வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?

மாப்பிள்ளை: எப்படி மாமா சொல்றது? ஞாயித்துக்கிழமை தவறாம வந்து அதுல ஒண்ணுலதான் உட்கார்றீங்க. எதிர்ல இன்னொண்ணை விட்டுட்டு நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தா, ‘நாம குடுத்தது இவனுக்குப் பிடிக்கல’ன்னு நினைச்சுட்டா? அப்புறம் வர்றதையே நிறுத்திட்டா? எனக்கு அப்பா இல்ல மாமா. வாரத்துல அந்த ரெண்டு மணி நேரத்துக்காகத்தான்...

மாமனார்: இதெல்லாம் என் பொண்ணுக்குத் தெரியுமா?

மாப்பிள்ளை: நீங்க கிளம்பினதும் களிம்பு தடவறதே அவதான்.

மாமனார்: சரியான அமுக்குணி! வாரா வாரம் என்னை உட்கார வச்சு காபி குடுத்தாளே, மூச்சு விட்டாளா?

மாப்பிள்ளை: நான்தான் சத்தியம் வாங்கிட்டேன். நண்பருக்குன்னு உங்க கண்ணு முன்னாலயே வாங்கிட்டு, அப்புறம் ‘அவரு வேண்டாம்னுட்டாரு’ன்னு நம்ம தோட்டத்துலயே...

கடைக்காரம்மா: அடேயப்பா! அரிப்புக்கு இவ்வளவு பெரிய திட்டமா! ஐயா, நீங்க கோவிச்சுக்காதீங்க. இதோ, இதைப் பாருங்க. எல்லாம் மர ஆணி அடிச்சுப் பொருத்தினது. பேருக்குக்கூட ஒரு ஸ்க்ரூ கிடையாது.

மாப்பிள்ளை: தேய்ச்சுப் பார்க்க இடமே இல்லையே மாமா!

கடைக்காரம்மா: அப்ப தம்பிக்கு ஒண்ணு போட்டுடட்டுமா?

மாமனார்: ரெண்டாப் போடுங்கம்மா.

மாப்பிள்ளை: உங்களுக்கு எதுக்கு மாமா? உங்க நாற்காலி அப்படியே இருக்கும், நான் எடுக்க மாட்டேன். கோவமா?

மாமனார்: எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மாப்பிள்ளை நான் கோவப்படறது? அந்த ரெண்டு நாற்காலியையும் எங்க மொட்டை மாடிக்குத்தான் வாங்கினேன். பனியனோட சாஞ்சு உட்கார்ந்தேன், ஒரே வாரத்துல முதுகு பூரா தடிச்சுப் போச்சு. தூக்கிப் போட மனசு வரல, நல்லாத் துடைச்சு உங்க தலையில கட்டிட்டேன். குடுத்தவனே உட்காரலைன்னா நீங்க கண்டுபிடிச்சுடுவீங்களேன்னு பயந்து, ரெண்டு வருஷம் நாலு மாசமா நானும் உட்கார்ந்துட்டு வரேன்... வீட்டுக்குப் போனதும் உங்க அத்தைதான் சீப்பால சொறிஞ்சு விடறா!