நல்ல கன்னம்

எங்கள் பனியன் கம்பெனியில் வாய்ப்புற்றுநோய் முகாம். டாக்டர் இல்லை, ஒரு நர்ஸ், ஒரு போன். வாயைப் படமெடுத்தால் ஏஐ சந்தேகத்தைச் சொல்லிவிடுமாம். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கணவன் மனைவி.

"வலது கன்னத்த மட்டும் காட்டிட்டு வந்தர்றேன்."

"புண்ணு இடது பக்கந்தானுங்களே இருக்குது?"

"சரக்குப் பாக்க ஃபாரின் பையர் வந்தா நல்ல பீஸத்தான, புள்ள, மேல அடுக்குறோம்?"

"பீஸு போனா வேற தெச்சுக்கலாமுங்க. நீங்க போனா நான் எங்க போயித் தெக்கிறது?"

அவர் இடது கன்னத்தையே முதலில் காட்டினார்.

போனைப் பார்த்த நர்ஸ், "சந்தேகம்னு காட்டுதுங்க. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. சீக்கிரம் பாத்தா சரி பண்ணிரலாமுங்க" என்றார்.

அடுத்தது நான். காலையில் கண்ணாடி முன் காட்டிக்காட்டி ஒத்திகை பார்த்துவந்த என் நல்ல கன்னத்துக்கு வேலையில்லாமல் போயிற்று.