கிழித்த தாளின் இரண்டு பக்கம்

இல்லம்மா, உக்காருங்க, சொல்றேன். எங்க தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுன உங்க மாமா மகாலிங்கம் கிராணியை நான் உசுரோட கடைசியாப் பார்த்தது பெடாஸ் ரோட்டுலதான். ஜப்பான்காரன் மலாயாவுக்குள்ள வந்து ரெண்டாவது வருசம். சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் ஏத்துற லோரி. கிராணின்னும் பார்க்கல, தோட்டத்து ஆளுங்களோட சேர்த்து ஏத்திட்டானுங்க. எனக்குக் கால் வீங்கிக் கிடந்துச்சு, விட்டுட்டான்.

லோரி கிளம்புறப்ப சட்டைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்த இங்கிலீசு புஸ்தகத்துலேருந்து அவசரமா ஒரு தாளைக் கிழிச்சாரு. முருகையா, இதை நீலாவதிகிட்ட குடுத்துடுன்னாரு. அவ்வளவுதான்.

நீலாவதி யாரா? எங்க கூலிக்காரங்க லயத்துல இருந்து ரப்பர் பால் வெட்டுன பொண்ணு. உங்க வீட்டுல சொல்லியிருக்க மாட்டாங்க. யாழ்ப்பாணத்துக் கிராணி, லயத்துப் பொண்ணு, யாரு சொல்லுவா? வெள்ளைக்காரன் காலத்துல பால் நிறுக்கிறப்ப இவ வாளி மட்டும் தராசுல ரொம்ப நேரம் தொங்கும். அதுக்குள்ள அந்த இங்கிலீசு புஸ்தகத்துல ஒரு பாட்டுக்கு அர்த்தம் சொல்லிடுவாரு. ஒருத்தன் ஒரே பொம்பளைக்கு எழுதுனதாம், நூத்துச் சொச்சம் பாட்டு. ஒவ்வொண்ணும் பதினாலு வரி, பேரு கிடையாது, நம்பர்தான். பின்னால நிக்கிற மயிலம்மா, எங்க பாலு உறையுறதுக்குள்ள அவனுக்குக் கல்யாணத்தை முடிச்சு வைங்க கிராணின்னு கேலி பண்ணும்.

குடுத்தேன்மா, அன்னிக்கே குடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. காத்திருக்கச் சொல்றாரான்னு கேட்டா. நான் ஆபீஸ் ஆளு இல்லையா, வாங்கிப் படிச்சுச் சொன்னேன். காத்திருக்க வேணாங்கிறாருன்னு. அவ அழுவல.

சயாமுக்குப் போனதுல மூணு பேரு திரும்பி வந்தாங்க. கிராணி காலராவுல போயிட்டாருன்னாங்க. அடுத்த வருசம் நீலாவதியை நான் கட்டிக்கிட்டேன். முப்பத்தொம்பது வருசம். நல்லாத்தான் இருந்தா. போன தை மாசம் செத்துட்டா. அந்தத் தாளைப் பத்தி ஒருநாளும் பேசல.

என்ன எழுதியிருந்துச்சா? இந்தப் பக்கம், கதவைத் திறந்தே வை, எத்தனை வருசமானாலும் வந்துடுவேங்குது. அந்தப் பக்கம் அடுத்த நம்பர். நான் செத்துட்டேன்னு வச்சுக்க, கதவைச் சாத்திட்டு நீ பாட்டுக்குச் சாப்பிட்டுப் படுங்குது. ரெண்டுல எதை அவளுக்குக் குடுத்தாருன்னு எனக்குத் தெரியல.

அப்ப அன்னிக்கு எதைப் படிச்சேன்னு கேக்குறீங்க.

நான் அந்த ஆபீஸைக் கூட்டுறவன்மா. அங்கே வேலைங்கிறதால இங்கிலீசு தெரியும்னு லயத்துல நினைச்சுக்கிட்டாங்க. ஒரு எழுத்துத் தெரியாது. எனக்கு அவ வேணும், அதான் அப்படிச் சொல்லிட்டேன். பொய்யா இல்லையான்னு பார்க்கத்தான் பொறவு ரெம்பாவு டவுனுல பழைய டிக்ஸ்னரி வாங்கி, அவ வச்சிருந்த தாளை எடுத்து ஒவ்வொரு சொல்லாத் தேடினேன். ரெண்டு பக்கமும் முடிக்கப் பன்னண்டு வருசம் ஆச்சு.

இந்தாங்க தாளு. நீங்க படிச்சவங்க, பாருங்க. ரெண்டு பக்கத்துலயும் ஒரு பென்சில் கோடுகூட இல்ல.