ஹெந்தளைக்கு அனுப்பும் முன்

வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து காட்ட நின்ற வரிசையில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து ஒரு வீட்டோடு ஒட்டிய ஒரே அனெக்ஸில் வாடகைக்கு இருக்கும் மச்சாள்மார் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“என்ர மகளில கை வைச்சதுக்கு உங்கட மகனை அடிச்சது காணும், மச்சாள். அவனோட ஆரும் அப்பிடி நடந்தவையோ எண்டு கேட்டனீங்களோ?”

“பன்ரண்டு வயசுப் பெடியனிட்ட எப்பிடிக் கேக்கிறது? நாளைக்கே ஹெந்தளைக்கு, அக்கா வீட்டை அனுப்பிறன்.”

“அங்க சின்னப் பிள்ளையள் எல்லாம் ஒரே பாயிலதானே படுக்குதுகள். அக்காவுக்கு விஷயம் சொன்னனீங்களோ?”

“சோதினைக்குப் படிக்க வாறான் எண்டு சொன்னனான்.”

“அப்ப அனுப்பேலாது. இரவில உங்கட அறையில படுக்கட்டும். பகலில பிள்ளையளைத் தனிய விடுறேல்லை. அவனை டொக்டரிட்ட காட்டுவம், நானும் வாறன். அக்காவுக்கு இண்டைக்கே உண்மையைச் சொல்லுங்கோ.”

“எப்பிடி மச்சாள் வாய் திறந்து சொல்லுறது?”

வரிசை நகர்ந்தது. மகளின் தாய் தன் பையைத் திறந்து பிடித்தாள்.

“என்ர பிள்ளைக்கு ஏழு வயசு. அவள் சொன்னவள்.”