கோட்டோரில் இறங்கியவள்

இரவு இரண்டேகால் மணி. உல்லாசக் கப்பலின் ஒன்பதாம் தளத்து நடைவழி. இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரியாது... இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள். கம்பளத்தில் காலடிகூடக் கேட்காது. கப்பல் முனகுவது மட்டும்தான். கீச்... கீச்...

ஒரு கோப்பைப் பாலோடு மிக்கேல் போகிறான். என் கூட்டாளி ரொசாரியோவின் மச்சான். அந்தத் தளத்து அறைப் பணியாள், அந்த வாரம் இரவுப் பணியும் அவன் தலையில். கிட்டே வந்து உட்காருங்கள், உரக்கச் சொல்லத் தெம்பில்லை.

பால் கேட்ட அறையில் இருந்தவர்கள் வென்டல், லோர்னா. கனடாவில் ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரர்கள். எழுபதைத் தாண்டியவர்கள். கல்யாணமாகி நாற்பத்தேழு வருஷம்.

ஏறிய அன்றே ஒரு தப்பு நடந்தது. பழைய பயணி என்றால் அவருக்கு என்னென்ன வேண்டும் என்று மிக்கேலுக்கு ஒரு தாள் வரும். அதைப் பார்த்து அறையைத் தயார் செய்துவிட்டு, வாசலில் நின்று வரவேற்க வேண்டும். வரவேற்றான்.

"திரும்பவும் வந்ததுல ரொம்ப சந்தோஷம்மா."

"திரும்பவா? நான் இப்பத்தான் கப்பல்லயே கால வைக்கிறேன் தம்பி!"

"பேரு மாறியிருக்கும்," என்றார் வென்டல். "எங்க ஊர்ல கல்ல விட்டா எந்த வென்டல் மண்டையில விழும்னு சொல்ல முடியாது."

லோர்னா சிரித்துவிட்டார். பழைய ஆட்களுக்குக் கட்டணம் குறைவு. அதற்கு ஆசைப்பட்டு மனுஷன் பழைய பயண எண்ணைக் கொடுத்திருந்தார்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் இறங்கி எலுமிச்சை ஐஸ் தின்றுவிட்டு, "இதுக்காகவே உன்ன இன்னொரு தடவ கட்டிக்கலாம்யா" என்று லோர்னா புருஷனை இடித்தாராம். அவ்வளவு சந்தோஷம்.

அன்று இரவு இரண்டு மணிக்கு அவர்கள் அறையிலிருந்து மிக்கேலுக்குப் போன் வந்தது. பெண் குரல். "சூடா கொஞ்சம் பால்... சர்க்கரை வேணாம்."

கொண்டுபோனான். லோர்னா தூக்கக் கண்ணோடு கதவைத் திறந்தார். "நான் கேக்கலையே. பால் எனக்கு ஒத்துக்காதே."

உள்ளேயிருந்து ஒரு வாடை... மழையில் நனைந்த கம்பளி வாடை. மழையே இல்லை.

மறுநாளும் அதே நேரம், அதே குரல்.

மூன்றாம் இரவு மிக்கேல் தட்டுமுன்பே கதவு திறந்தது. லோர்னாவின் முகம் மாவாய் வெளுத்திருந்தது.

"போன எடுக்கிற சத்தம் கேட்டுச்சு... 'க்ளக்'னு. அவரு சுவத்தப் பாத்துத் தூங்குறாரு. நான் கையக்கூட அசைக்கல. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல... மெத்த அமுங்குச்சு."

நடைவழிக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"மொத நாள் 'திரும்பவும்'னியே, எதப் பாத்துச் சொன்ன? நீயாவது பொய் சொல்லாத."

அந்தத் தாளைக் காட்டினால் வேலை போய்விடும். காட்டினான்.

பயணி, வென்டல். மனைவி, ஐரீன். இரவில் சூடான பால், சர்க்கரை இல்லாமல். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய அக்டோபர். அதற்குக் கீழே ஒரு குறிப்பு. "மனைவி கொட்டும் மழையில் கோட்டோர் துறைமுகத்தில் இறங்கினார். கப்பலுக்குத் திரும்பவில்லை. கணவர் பயணத்தைத் தொடர்ந்தார்."

லோர்னா இரண்டு தடவை படித்தார்.

"அந்த அக்டோபர்ல அண்ணன் சாவுக்குப் போறேன்னு கெளம்பினாரு. கறுப்புக் கோட்ட நான்தான் தேச்சுக் குடுத்தேன். சாவு வீட்டுக்குன்னு ஆப்பிள் வச்சு கேக் வேற சுட்டுக் குடுத்தேன்... எவ தின்னாளோ."

விடிந்ததும் கப்பல் அதே கோட்டோரில் நின்றது. லோர்னா பெட்டியோடு இறங்கினார். வென்டல் படி வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

"ஏய், ஊரு பாக்க வந்த எடத்துல மானத்த வாங்காத!"

லோர்னா நின்று திரும்பினார். "அண்ணன் சாவு நல்லா நடந்துச்சா?" அவ்வளவுதான் கேட்டார். போய்விட்டார்.

வென்டல் இறங்கவில்லை. காசு கட்டியாச்சே என்றாராம். சாயங்காலம் கப்பல் ஊதிப் புறப்பட்டது.

மறுநாள் காலை மிக்கேல் போனபோது கதவு தாழிடாமல் இருந்தது. கம்பளி வாடை மூக்கை அடைத்தது. வென்டல் கோட்டும் ஷூவுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படுக்கவே இல்லை. ஆனால் படுக்கையில் ஓர் ஆள் படுத்தெழுந்த குழி... தொட்டுப் பார்த்தான். ஈரம்.

"கதவச் சாத்தாத தம்பி," என்றார் வென்டல். "ராத்திரி பூரா காதுகிட்ட வந்து ஒரே கேள்வியக் கேக்குறா..."

"என்ன கேக்குறாங்க?"

"லோர்னா யாருன்னு."