ஜன்னலோரம் ஒரு நாற்காலி

— அந்த நாற்காலியில மட்டும் நான் உட்கார மாட்டேன் மச்சான். சொன்னா கேளுங்க.

— யாரு உன்னை உட்காரச் சொன்னா? நின்னுக்கிட்டே டீயைக் குடி.

— ஜன்னலைத் திறந்து வச்சிருக்கீங்க. பின்னாடி வெள்ளைப் போர்வையைக் கட்டித் தொங்க விட்டிருக்கீங்க. எனக்குத் தெரியாதா? உங்க தங்கச்சி சொல்லித்தான் அனுப்பினா, "எங்கண்ணன் கேமராவைத் தூக்கினா ஓடி வந்துடுங்க"ன்னு.

— கூடப் பிறந்தவளே சொல்றாளா? நல்லா இருக்கு.

— அவ மட்டுமா? தெரு முழுக்க அதே பேச்சுத்தான். நீங்க வர்றதைப் பார்த்தாலே கதவைச் சாத்துறாங்க. கவனிக்கலையா?

— கவனிக்காம என்ன? சாத்தின கதவையும் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். பச்சைக் கதவு, காலை வெயில். பிரமாதமா வந்திருக்கு.

— சிரிக்காதீங்க மச்சான். ரிட்டயர் ஆன புதுசுல காக்காயை எடுத்தீங்க, கம்பியில தொங்குற மழைத்துளியை எடுத்தீங்க. மனுசனுக்குப் பொழுது போகுதுன்னு நாங்களும் விட்டுட்டோம். எப்ப ஆளுங்களை எடுக்க ஆரம்பிச்சீங்களோ, அப்பப் பிடிச்சது சனி. நம்ம கல்லுடைக்கிற கிரஷர் வாட்ச்மேனை எடுத்தீங்க, போயிட்டார். அங்க ஜல்லி சலிக்கிற சல்லடை பார்த்த அக்காவை எடுத்தீங்க, அதுவும் போயாச்சு. அப்புறம் நம்ம கூட வேலை பார்த்த ரெட்டைச்சுழி, அவன் எப்படி இருந்தான், மாடு மாதிரி...

— அந்தக் காக்காயும்தான் செத்திருக்கும். அதை யாரும் கேட்கலையே.

— மச்சான்!

— சரி, கேளு. வேகமாப் பேச வைக்காதே. நம்ம கிரஷர்ல வெடிக்குத் துளை போடுவானே நெட்டையன், அவன் செத்தப்ப போஸ்டர்ல எந்தப் படத்தைப் போட்டாங்க?

— கேட் பாஸ்ல இருந்ததை.

— கண்ணு பாதி மூடி, கன்னத்துல கம்பெனி சீல். அதைப் பெரிசாக்கிச் சுவர்ல ஒட்டிட்டாங்க. அவன் மக அது முன்னாடி நின்னு, "இது எங்கப்பா இல்ல"ன்னு அழுதா. பாவம், அவங்க வீட்ல வேற படமே கிடையாது. அன்னிக்குத்தான் நான் காக்காயை விட்டேன்.

— அதுக்கும் இதுக்கும் என்ன?

— நான் எடுத்ததால யாரும் போகலைய்யா. போகப் போறவங்களாத் தேடித் தேடி எடுத்தேன். எந்த வீட்ல இருமல் விடாமக் கேட்குதோ, அந்த வீட்டுக் கதவைத் தட்டுவேன். எல்லாம் நாம தின்ன தூசிதானே? அந்தச் சல்லடை அக்காவுக்குத் தெரியும் நான் எதுக்கு வந்தேன்னு. தலையை வாரிக்கிட்டு வந்து உட்கார்ந்து, "பல்லு தெரியாம எடுப்பா"ன்னுச்சு.

— அப்போ... என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?

— டீ ஆறுது, குடி.

— எனக்கு இருமல் இல்ல மச்சான். காலையில லேசாத் தொண்டையைச் செருமுவேன், அவ்வளவுதான். நான் லோடர் வண்டி ஓட்டினவன். கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு உள்ளேயே கிடந்தவன். உங்களை மாதிரி தூசிக்கு நடுவுல நின்னவன் இல்ல.

— தெரியும்யா.

— உங்க தங்கச்சி ஏதாவது சொன்னாளா? தூக்கத்துல இருமுறேன்னு சொன்னாளா? மறைக்காதீங்க, கும்பிட்டுக் கேட்கிறேன்.

— கையை நீட்டு. இந்தா, பிடி.

— கேமராவா? எனக்கெதுக்கு இந்த எழவு?

— வாரைக் கழுத்துல மாட்டு. கீழ போட்டுடாதே, என் சொத்தே அதுதான். கண்ணை வை. என்ன தெரியுது?

— நாற்காலி. காலியா இருக்கு.

— மங்கலா இருக்கா?

— இல்ல, பளிச்சுன்னு இருக்கு. கைப்பிடியில இருக்கிற கீறல்கூடத் தெரியுது. ஆமா... வீட்ல இருக்கிறதுக்கு எதுக்கு மச்சான் சலவைச் சட்டை? முகத்தை வேற மழிச்சிருக்கீங்க?

— நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். படம் எடுத்தாங்க.

— என்ன படம்?

— நெஞ்சுப் படம். என்னைவிட நல்லாவே எடுக்கிறாங்க, ஒரு புள்ளி விடாமத் தெரியுது. கொஞ்சம் நகரு, நான் உட்காரணும். வெளிச்சம் கன்னத்துல விழுதா பாரு. என்னை அந்தக் கேட் பாஸ் மூஞ்சியோட சுவர்ல ஒட்ட விட்டுடாதே மாப்ளே. மூச்சை நல்லா இழுத்து அடக்கிக்கிட்டு அமுக்கு, உன்னால அது முடியும்.