இஞ்சி மிட்டாய் சிங்காரம் என்று ஓர் ஆள் இல்லை

என் பெயர் நவமணி, தகப்பனார் பெயர் குஞ்சப்பன். வயது ஐம்பத்து நான்கு. அடுக்குமாடியில் எல்லோரிடமும் நாற்பத்தெட்டு என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அடையாளக் கார்டில் இருப்பதுதான் சரி. இதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று இங்கே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருக்கும் சார்ஜன் தங்கராஜுவிடம் கேட்டுக்கொண்டேன், அவர் உறுதி எதுவும் தரவில்லை. இருப்பிடம் ஜார்ஜ்டவுன், ஸ்ரீ கெனாங்கா அடுக்குமாடி, ஆறாவது மாடி. பைராம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரை படித்தேன். வாசிப்பேன், எழுதத் தடுமாறுவேன். சூலியா தெருவில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் விடியற்காலையிலிருந்து பன்னிரண்டு மணி வரை வெங்காயம், காய்கறி நறுக்குகிறேன். யாரும் வற்புறுத்தாமல், என் சொந்த விருப்பத்தில் தமிழில் சொல்கிறேன்.

எழுத வராததால் எதையும் போனில் குரல் பதிவாகத்தான் அனுப்புவேன். அது இரண்டு வகை. அடுக்குமாடி வாட்சப் குழுவில் தண்ணீர் வராது, லிஃப்ட் ஓடாது என்று அறிவிப்புச் செய்வது என் வேலை. இன்னொரு குழுவில் பதினொரு பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வாரம் ஒரு கதை சொல்வேன். ஒரு கதைக்கு நாலு பதிவு. முதல் பதிவு எப்போதும் "கதை கேளுங்கடி" என்றுதான் தொடங்கும்.

கதைக்கு ஆளை எப்படி உண்டாக்குகிறேன் என்று சார்ஜன் கேட்டதால் சொல்கிறேன். உண்மையில் இருக்கும் ஒருவரை முழுசாக எடுத்தால் அவர் வீட்டுக்கே வந்து சண்டை பிடிப்பார். அதனால் நடையை ஒருவரிடம், மீசையை ஒருவரிடம், இருமலை ஒருவரிடம் எடுத்துக் கலந்துவிடுவேன். ஒருவரிடம் ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை. இருபது கதைக்கு மேல் சொல்லிவிட்டேன், யாரும் தன்னைக் கண்டுபிடித்ததில்லை. அவர்களே கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

பக்கிரிசாமி அண்ணனை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். வயது அறுபத்தொன்று, இரண்டாவது மாடி, தனியாக இருக்கிறார். முன்பு மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை செய்தபோது இடது கையில் ஒரு விரல் பாதி போய்விட்டது. இப்போது நீல நிற வேனில் ஆறு பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குகிறார். இறங்கும்போது ஆளுக்கு ஓர் இஞ்சி மிட்டாய் கொடுப்பார். போன மாதம் லிஃப்டில் பார்த்தபோது, "தங்கச்சி, ஊர்ல உள்ளவனையெல்லாம் கதையில போடுற, என்னையும் போடேன்லா" என்றார். உங்கள் முகத்துக்கு வில்லன்தான் சரி என்றேன். வில்லனாக இருந்தாலும் பரவாயில்லை என்று சிரித்தார். ஆசையாகக் கேட்டாரே என்று ஒன்றுக்கு மூன்றாக எடுத்தேன். விரல், வேன், மிட்டாய். இது என் தப்பு.

13.5.2024 திங்கட்கிழமை மாலை, பிள்ளை பிடிக்கும் சிங்காரம் கதையை அனுப்பினேன். அதில் அடுக்குமாடியில் அறிவிப்புச் செய்யும் பெண் ஒருத்தி வருவாள். அவளுக்கு என் குரலையே கொடுத்தேன். மூன்றாவது பதிவு முழுக்க அவள் அறிவிப்புத்தான். "பிள்ளைங்க வச்சிருக்கவங்க கவனமா கேளுங்க. நீல வேன். இடது கையில அரை விரல். இஞ்சி மிட்டாய் குடுத்தா வாங்கக் கூடாது" என்று போகும். அதன் பிறகு அவன் வலது காலை இழுத்து, நாலு அடிக்கு ஒரு தடவை கால்சட்டையைத் தூக்கிவிட்டு நடப்பான் என்று வரும். சிங்காரம் என்ற பெயர் அந்தப் பதிவில் இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை வேலை தொடங்கும் முன், என்னோடு கடையில் வேலை செய்யும், கதைக் குழுவிலும் இருக்கும் சல்மா, நவமணி தன் அறிவிப்பையே கிண்டல் செய்கிறாள் என்று அந்த ஒரு பதிவை மட்டும் என் அடுக்குமாடியில் ஐந்தாவது மாடியில் இருக்கும் காமினிக்கு அனுப்பியிருக்கிறாள். சிரிக்கத்தான் அனுப்பினாள். காமினி என் கதை எதையும் கேட்டதில்லை, தண்ணீர் வராது என்று நான் சொல்வதைத்தான் கேட்டிருக்கிறாள். அவள் மகள் ஷர்மினி, ஏழு வயது, அந்த வேனில்தான் போகிறாள். மகளை வேனில் அனுப்பிய பிறகுதான் காமினி அதைக் கேட்டாள், உடனே அடுக்குமாடிக் குழுவில் போட்டுவிட்டாள். எங்கள் கடையில் வேலை முடியும் வரை எல்லோருடைய போனும் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். அதனால் எனக்கும் சல்மாவுக்கும் ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு மணிக்கு எடுத்தபோது என் போனில் சார்ஜ் இல்லை. சல்மா இரண்டு மணி வரை கடையில்தான் இருப்பாள், அவள் போன் டின்னுக்குள்ளேயே இருந்தது.

பகல் ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு பஸ்ஸை விட்டு இறங்கினேன். கார் நிறுத்துமிடத்தில் என் குரல் கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டுதான் வந்துகொண்டிருந்தேன். நாலைந்து போன்களிலிருந்து, ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக, "கவனமா கேளுங்க" என்று வந்துகொண்டிருந்தது. வேனைச் சுற்றி இருபது பேருக்கு மேல் நின்றார்கள். பிள்ளைகளை ஏற்கெனவே இழுத்து இறக்கிவிட்டிருந்தார்கள், ஒரு பிள்ளையின் காலிலிருந்து கழன்ற வெள்ளைச் சப்பாத்து மட்டும் படியில் கிடந்தது. பக்கிரிசாமி அண்ணன் ஜன்னலை ஏற்றிவிட்டு ஸ்டேரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். எல்லோரும் அந்தப் பாதி விரலையே பார்ப்பதைக் கண்டு, மற்றக் கையை எடுத்து அதன் மேல் வைத்தார்.

காமினியின் கணவர் லோகேஸ்வரன், "எறங்குடா, கைய காட்டு" என்று சொல்லி ஹெல்மெட்டால் கண்ணாடியில் அடித்தார். மூன்றாவது அடியில் கண்ணாடி உடைந்து அண்ணன் நெற்றியில் ரத்தம் வந்தது. அதன் பிறகு நான் உள்ளே புகுந்து வேன் கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன். அது கதை, நான் சொன்ன கதை என்றேன். காமினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அவன் உங்கள மெரட்டிட்டானா? பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்" என்றாள். அவள் நிஜமாகவே எனக்காகக் கண்கலங்கினாள். நான் எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவுக்குக் கூட்டம் நெருங்கியது. ஒருவர் என்னைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னார்.

அதன் பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை. போனில் சொன்ன ஆள் எப்படி நடப்பான் என்று காமினியைக் கேட்டேன், வலது காலை இழுத்து என்று அவள் சொன்னாள். நான் விளக்குக் கம்பத்திலிருந்து வேன் வரை அப்படியே நடந்து காட்டினேன். பிறகு ஷர்மினி, "இது அப்பா நடை" என்றாள்.

எல்லோரும் லோகேஸ்வரனைப் பார்த்தார்கள். கட்டை வைத்திருந்த ஒருவர் பாதி அவர் பக்கம் திரும்பினார். அன்றைக்கு நான் அதிகமாகப் பயந்தது அந்த நேரத்தில்தான். அதனால் கதையில் அவன் பெயர் சிங்காரம், நடை மட்டும்தான் லோகேஸ்வரனுடையது என்று அவசரமாக மற்றதையும் சொன்னேன். செருமல் எங்கள் கடைக் கல்லாவில் இருக்கும் சாஹித்துடையது, சாயம் பூசிய மீசை அடுக்குமாடிச் சங்கத் தலைவருடையது, விரல் பக்கிரிசாமி அண்ணனுடையது, அவரே கேட்டு வாங்கிக்கொண்டது, அறிவிப்புச் செய்யும் பெண் நான். தலைவரும் அங்கேதான் நின்றார், வாயைக் கையால் மூடிக்கொண்டார். "இத்தனை பேரையும் அடிச்சிட்டுத்தான் சிங்காரத்த அடிக்க முடியும், ஆள் யாருன்னு முடிவு பண்ணிக்கங்க" என்றேன். பின்னால் ஒருவர் சிரித்தார். அதன் பிறகு இன்னும் இரண்டு பேர். லோகேஸ்வரன் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தார். ஒன்றரை மணிக்குப் போலீஸ் வந்தது.

அண்ணன் நெற்றியில் நாலு தையல். கிளினிக்கில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. "புள்ளைங்க சாப்டாச்சா?" என்று மட்டும் சுவரைப் பார்த்துக் கேட்டார். மறுநாள் ஒரு பிள்ளையும் வேனுக்கு வரவில்லை. கதைதான் என்று தெரிந்தும், மனசு ஒப்பவில்லை என்றார்கள். நான் ஆறு வீட்டுக்கும் போனேன். நான் கூடப் போய்க் கூட வந்தால் அனுப்புவதாக நாலு வீட்டில் சொன்னார்கள், காமினி அதில் ஒருத்தி. முதலாளியம்மா ஹமீதா ஒரு மாதத்துக்கு வேலை நேரத்தை மாற்றிக் கொடுத்தார்.

சல்மா மேல் குற்றம் இல்லை. சிங்காரம் என்று ஓர் ஆள் உலகத்தில் கிடையாது. பக்கிரிசாமி எந்தப் பிள்ளைக்கும் எந்தத் தீங்கும் செய்தவர் அல்ல. இந்த வரியைப் பெரிய எழுத்தில் எழுதி எனக்கு ஒரு நகல் தர வேண்டும் என்று கேட்டேன், மீதி இரண்டு வீட்டில் காட்டுவதற்கு. நகல் தரலாம், பெரிய எழுத்து முடியாது என்றார் சார்ஜன்.

மேலே கண்டதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னதுதான், நடந்ததும் அதுதான். கையெழுத்துக்கு முன் ஒன்று சேர்க்கச் சொன்னேன். இன்று 20.5.2024 திங்கட்கிழமை காலை வேனில் முன்னால் உட்கார்ந்து நாலு பிள்ளைகளோடு பள்ளிக்குப் போனேன். அண்ணன் வழி முழுக்கப் பேசவில்லை. பள்ளி வாசலில் இறங்குவதற்காகக் கதவைத் திறந்தபோது கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது, கதவு திறக்கவில்லை. அண்ணன் கைப்பிடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இது ஏற்கெனவே லூசுதான், தங்கச்சி" என்றார். நான் ஓட்டுநர் இருக்கையைத் தாண்டி இறங்கும்போது என் பாவாடை கியரில் மாட்டி, ஏறக்குறைய இரண்டு அங்குலம் கிழிந்தது.

(ஒப்பம்) நவமணி