மழைக்கும் ஆறாத புண்

கரும்பலகையில் கருவி எதுவும் இல்லாமல் முழு வட்டம் வரைய எனக்கு வரும். கல்லூரியில் செல் பிரிந்து பெருகும் சுழற்சியைப் பாடம் நடத்தும் நாளில் மாணவிகள் அதற்காகவே கை தட்டுவார்கள்.

அந்த வட்டத்தின் குறுக்கே ஒரு நிறுத்தக் கோடு போடுவேன். வெயில் பட்டு டி.என்.ஏ. பழுதானால் பி53 என்ற புரதம் எழும். பி21 என்ற இன்னொன்றை ஏவி, செல்லைப் பிரியவிடாமல் அந்த இடத்திலேயே நிறுத்தும். பழுது பார்க்க அவகாசம் கிடைக்கும். முடியாவிட்டால் அந்தச் செல் தன்னையே முடித்துக்கொள்ளும். பி53 கெட்டுப்போனால் நிறுத்த ஆளில்லை. பழுதோடேயே பெருகும்.

என் அக்கா அமராவதி மரக்காணம் உப்பளத்தில் பதினெட்டு வருஷம் உப்பு வாரினாள். அந்தக் கூலியில்தான் நான் எம்.எஸ்ஸி. படித்தேன். அங்கே எல்லோர் காலிலும் புண் இருக்கும். ஐப்பசியில் பாத்திகள் முழுகி வேலை நின்றதும் தானாக ஆறிவிடும் என்பதால் யாரும் வைத்தியம் பார்ப்பதில்லை. 2005 கார்த்திகை வரை மழை கொட்டியும் அக்காவின் கால் சுண்டுவிரல் புண் ஆறவில்லை. ஓரம் தடித்துச் சுருண்டிருந்தது. நான்தான் பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போய்ச் சதை எடுத்துச் சோதிக்க வைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம்.

ரிப்போர்ட் வாங்க நான் மட்டும் போனேன். தோல் புற்றுநோய்.

"இன்னும் பரவலம்மா. இந்த மாசமே விரல எடுத்துட்டா பொழச்சிக்குவாங்க," என்றார் டாக்டர்.

தையில் எனக்குக் கல்யாணம். முப்பத்து மூன்று வயதில் அமைந்த வரன். மாப்பிள்ளை பிரபுவின் அம்மா நிச்சயத்தன்றே கேட்டிருந்தார்: "உங்க வீட்ல பரம்பரையா பெரிய வியாதி எதுவும் இல்லியேம்மா?" வெயிலில் வந்த பழுது வம்சத்துக்குப் போகாது என்று அவருக்கு நான் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். "என்னா வாத்தியாரம்மா, பேப்பர்ல என்ன போட்டிருக்கான்?"

"உப்புப் புண்ணுதான்க்கா. களிம்பு போட்டா ஆறிடும்."

"இதச் சொல்ல பாண்டி வரைக்கும் பஸ் ஏறணுமாடி? மேஸ்திரி காசிலிங்கம் ஓசியிலயே சொல்லிட்டான்." சிரித்தாள்.

களிம்பு நல்லதாகவே வாங்கினேன். தினமும் நானே கட்டுப் போட்டேன். உள்ளே நிறுத்தவேண்டிய புரதமே கெட்டுவிட்டது, வெளியிலிருந்து நான் சொல்லி என்ன ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாலி ஏறியதும் சொல்ல இருந்தேன். பிறகு மறுவீடு வந்தது. பிறகு தாலி பிரித்துக் கோர்த்தார்கள். அதற்குள் அக்கா மறுபடி உப்புத்தண்ணீரில் இறங்கியிருந்தாள். பங்குனியில் தொடையிடுக்கில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி தெரிந்தது. ஆவணியில் போய்விட்டாள்.

அவள் புருஷன் பச்சமுத்து மாமா உங்களிடம் கொடுத்திருப்பது அதே ரிப்போர்ட்தான். என் பெட்டியில் கூரைப்புடவைக்கு அடியில் வைத்திருந்ததை அவர் எடுத்திருக்கிறார். தெரிந்தேதான் மறைத்தேன்.

ஆனால் அமராவதியை உங்களுக்குத் தெரியாது. கேட்டிருந்தால், "உன் கல்யாணம் முடியட்டும்டி, வெரலு எங்க ஓடிடப் போவுது," என்றுதான் சொல்லியிருப்பாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் அவளிடம் கேட்கவில்லை.